அடுப்பு எரியாத வீடு

நெய்தல் அடுக்ககத்தின் பத்தொன்பதாவது மாடியில், துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், நான் அங்கே இல்லை என்று ஒரு சுவர் சொன்னது. சட்டப்படி அது சொன்னது சரி. அந்தச் சட்டத்தை எழுதியவன் நான்தான்.

என் வேலையைக் கேட்டால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் இல்லை. மனைப் பயன்பாட்டு ஆணையத்தில் நான் வரையறை அலுவலர். எந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் நாலு பக்கம் ‘வீடு என்றால் இன்னது, குடும்பம் என்றால் இன்னது’ என்று போகுமே, எல்லோரும் எச்சில் தொட்டுப் புரட்டிவிடுகிற பகுதி, அதை எழுதுகிறவன். நெய்தல் அடுக்ககத்துக்காக நூற்றுப் பதினேழு சொற்களுக்கு விளக்கம் எழுதினேன். சால்வை போர்த்தினார்கள். சால்வையில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

இறந்துபோன தணிகாசலம் அதே ஆணையத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். அவர் மனைவி வசுமதி அடுப்பில் இருந்த சாம்பாரை அணைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். அடக்கத்துக்கு நான் ஊரில் இல்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்குத்தான் போனேன். உறவினர்கள் எல்லோரும் எட்டாம் நாளுக்கு வருவதாகக் காலை ரயிலில் கிளம்பிவிட்டிருந்தார்கள். வீட்டில் இரண்டே பேர். மூலையில் வசுமதி. நாற்காலியில் தணிகாசலத்தின் அண்ணன் ஏகாம்பரம். முக்காலியில் மாலை போட்ட படம், அதன் முன்னால் ஒரு விளக்கு.

“நான் ஏகாம்பரம். ரிட்டயர்டு தாசில்தார்,” என்றார். துக்க வீட்டிலும் ரிட்டயர்டு தாசில்தார்தான்.

“சாப்பாடெல்லாம்?” என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

“எட்டாம் நாள் வரைக்கும் இந்த வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது. எங்க வகையறாவில அது கண்டிப்பு. பச்சைத் தண்ணிகூடச் சுட வைக்க மாட்டோம். பக்கத்து வீட்டு ரெஜினாம்மாதான் பதினாலு பேருக்கு மூணு வேளையும் வடிச்சுப் போட்டாங்க. பாவம், வேதக்காரங்க. நம்மாளுங்க ஒருத்தர் எட்டிப் பாக்கல.”

நூற்றுப் பதினேழு சொற்களை எழுதியவனுக்கு அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ரெஜினா பிளாஸ்க்கில் கொடுத்தனுப்பிய காபி நன்றாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

பதினொன்றரைக்கு எழுந்தேன். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் பேசாமல் போய்க் கதவின் கைப்பிடியைத் திருப்பினேன். கதவு திறக்கவில்லை. மின்விசிறி நின்றது. சுவரிலிருந்து இனிமையான ஒரு பெண்குரல் வந்தது.

“இது காலி அலகு. இணைப்புப் பணி தொடங்குகிறது. பாதுகாப்பு கருதிக் கதவுகள் பூட்டப்பட்டுள்ளன. வசிப்பவர் எவரும் இல்லை. நன்றி.”

“யாரு அது?” என்றார் ஏகாம்பரம், சுவரைப் பார்த்து.

ரெஜினா வீட்டுப் பக்கத்துச் சுவரில், அடிப்பாகத்தில், அம்மி நகர்கிற மாதிரி ஒரு சத்தம். சுவரோடு ஒட்டியிருந்த முக்காலி தானாக ஒரு விரல்கடை முன்னால் வந்தது. தணிகாசலத்தின் படம் ஆடியது.

நெய்தலில் சுவர்கள் நகரும். அதற்காகத்தான் அதைக் கட்டினார்கள். குடும்பம் பெருத்தால் வீடு பெருக்கும், சிறுத்தால் சிறுக்கும்.

“தெரியும் ஐயா,” என்றார் ஏகாம்பரம். “என் தம்பி பெருமையாச் சொல்லியிருக்கான். ஆனா ஆள் இருக்கிற வீட்டுல எப்படி நகரும்?”

“ஆள் இருக்காங்களா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க.”

“எப்படி?”

“அடுப்பு. பணக்காரங்க பத்துப் பத்து வீடா வாங்கிப் பூட்டிப் போட்டாங்க. கரண்டு மீட்டரை வெச்சுக் கண்டுபிடிக்கலாம்னோம், ஃபேனை ஓடவிட்டுட்டுப் போனாங்க. தண்ணி மீட்டர்னோம், குழாயைத் திறந்துவிட்டாங்க. அதனாலதான் அடுப்பு. அடுக்களைக் கூரையில ஒரு மோப்பக் கருவி இருக்கு. சூட்டையும் தாளிப்பு வாசனையையும் வெச்சு எத்தனை பேருக்குச் சமைக்கிறாங்கன்னு கணக்குப் போடும். தொண்ணூத்தாறு மணி நேரம் அடுப்பு எரியலைன்னா அது காலி அலகு. ஊருக்குப் போறவங்க முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடணும்.”

“என் தம்பி எழுதிக் கொடுக்காமப் போயிட்டான்,” என்றார் ஏகாம்பரம்.

“சட்டத்துல நூத்திப் பதினேழு சொல்லு இருக்கு. அதுல சாவு இல்ல.”

“எந்த மடையன்யா இதை எழுதினது?”

நான் கூரையைப் பார்த்தேன். அவரும் முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் இருந்தவர், புரிந்துகொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டம்டம்மென்று தட்டும் சத்தம் கேட்டது. “அக்கா! வசுமதியக்கா!” ரெஜினாவின் குரல். “எங்க ஹால் பெருசாகிட்டே போகுது அக்கா! அலமாரி அப்படியே தள்ளிப் போகுது! போர்டுல என்னவோ எழுதியிருக்கு!”

“என்னம்மா எழுதியிருக்கு?” என்று கத்தினேன்.

“‘நெரிசல் நிவாரணம்’னு போட்டிருக்கு சார். ‘தங்கள் குடும்ப எண்ணிக்கை பதினேழு. அருகிலுள்ள காலி அலகு தங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. வாழ்த்துகள்’னு. நாங்க மூணே பேருதான் சார்! நான் எதுவுமே கேக்கலியே!”

பதினான்கும் மூன்றும் பதினேழு. கருவி கணக்கில் புலி. துக்கத்துக்குச் சமைத்துப் போட்டவளுக்குத் துக்க வீட்டையே எடுத்துக் கொடுத்துவிட்டது. நெரிசல் என்ற சொல்லுக்கு நான் எழுதிய விளக்கத்தில் ஒரு கால்புள்ளிகூடத் தப்பில்லை.

சுவர் நிமிடத்துக்கு நாலு விரல் வந்துகொண்டிருந்தது. ஹால் முழுவதும் போக முக்கால் மணி. பிறகு அடுக்களை, பிறகு படுக்கையறை, அதற்கப்புறம் ஜன்னல், அதற்கப்புறம் பத்தொன்பது மாடி ஆகாயம்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். ஜெயசீலன் எடுத்தான். நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட பையன். என் விளக்கங்களை மனப்பாடமாக ஒப்பிப்பான்.

“ஜெயசீலா, பத்தொன்பது பூஜ்யம் ஏழுல இணைப்பை நிறுத்துப்பா. உள்ளே ஆள் இருக்கு.”

“வணக்கம் சார். அது காலி அலகு சார்.”

“உள்ளே நான் இருக்கேன்டா!”

“இல்லியே சார். நீங்க உங்க வீட்டுல வசிக்கிறீங்க. திரையில காட்டுதே. காலையில ஆறு நாப்பதுக்கு ஒருத்தருக்குக் காபி.”

“அது காலையில. இப்ப நான் இங்க இருக்கேன்.”

“நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க? இருக்கறது வேற, வசிக்கறது வேறன்னு.”

சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பயிற்சி வகுப்பில், கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு.

“சரி, ஆட்சேபணை பதிவு பண்ணு.”

“பண்ணலாம் சார். வசிப்பவர்தான் ஆட்சேபணை தரலாம். முப்பது நாள்ல விசாரணை வரும். ஆனா அங்க வசிப்பவர் யாரும் இல்லியே சார்.”

நிறுத்து பொத்தான் ஒன்று முன்பு இருந்தது. கவுன்சிலர்கள் மாமனுக்கும் மச்சானுக்கும் அதை அழுத்திக்கொண்டே இருந்ததால் எடுத்துவிட்டோம். எடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதியதும் இந்தக் கைதான்.

அப்போது ஒன்று மண்டையில் ஏறியது. ஒன்பது மாதத்தில் நாற்பத்தொரு காலி அலகுகளை இப்படி இணைத்திருக்கிறோம். ‘உயிர்ச்சேதம்: இல்லை’ என்று ஒவ்வொரு மாதமும் அறிக்கை போயிருக்கிறது.

“ஜெயசீலா, அந்த நாப்பத்தொண்ணுலயும் உள்ளே யாராவது இருந்தாங்களான்னு பாத்தீங்களா?”

“வசிப்பவர் இல்லைன்னு வந்தது சார்.”

“ஆள்? ஆள் இருந்தாங்களா?”

“வசிப்பவர் இல்லாத இடத்துல ஆள் எப்படி சார் இருப்பாங்க?” என்றான். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டான்.

போனை வைத்தேன். தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தேன். அலகு எண் கேட்டார்கள். சொன்னேன். “அப்படி ஒரு எண்ணே இப்ப இல்லியே சார், சரியாப் பாத்துச் சொல்லுங்க,” என்றார்கள்.

ஏகாம்பரம் சுவருக்கு முன்னால் போய் நின்றார். “நான் முப்பத்தஞ்சு வருஷம் தாசில்தாரா இருந்தவன்,” என்றார் சுவரிடம். “எத்தனையோ ஆக்கிரமிப்பை எடுத்திருக்கேன். முறைப்படி நோட்டீஸ் கொடுக்காம ஒரு செங்கல்லைத் தொட்டதில்ல.” சுவர் அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து எதிரே இருந்த தூணோடு சேர்த்தது. நாற்காலி முதலில் வளைந்தது. பிறகு பட்டாசு மாதிரி வெடித்தது. ஒரு கால் பறந்து வந்து அவர் முழங்காலில் பட்டது. அதற்கப்புறம் அவர் தாசில்தார் என்று சொல்லவில்லை. “கதவை உடைங்க, கதவை உடைங்க,” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். உடைக்க முடியாத கதவு என்பது எங்கள் விளம்பரத்திலேயே இருந்தது.

மூவரும் அடுக்களைக்கு வந்துவிட்டோம். வசுமதி படத்தையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் மின்னடுப்பைத் தட்டிப் பார்த்தேன். உயிரில்லை. காலி அலகுக்கு மின்சாரம் எதற்கு? அதையும் எழுதியிருந்தேன்.

“அண்ணே.”

நான் வந்ததிலிருந்து வசுமதி பேசியது அப்போதுதான்.

“அந்தக் கருவி எதை மோந்து பாக்கும்னு சொன்னீங்க?”

“சூடு, எண்ணெய், தாளிப்பு வாசனை.”

“நெருப்பு எங்கேயிருந்து வருதுன்னு பாக்குமா?”

யோசித்தேன். நூற்றுப் பதினேழையும் தலைக்குள் புரட்டினேன். ‘அடுப்பு: உணவு சமைக்கும் பொருட்டு வெப்பம் தரும் எதுவும்.’

“பாக்காதும்மா.”

அவள் விளக்கை மேடைமேல் வைத்தாள். முந்தானை ஓரத்தைக் கிழித்து நாலைந்து திரிகளாகத் திரித்து எண்ணெயில் போட்டாள். ஏகாம்பரம் குறுக்கே கையை நீட்டினார்.

“வசுமதி, வேண்டாம்மா. அது அவனுக்கு ஏத்தின விளக்கு. எட்டு நாள் அணையக் கூடாது. அதுல போயித் தாளிக்கறதா? நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க?”

“நான் அணைக்கப் போறதில்ல மாமா. பெருசா எரிய விடப் போறேன்,” என்றாள். “ஊர்ல பேசறதுக்கு நாம இருக்கணுமே.”

சுவர் அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டது. வாசல்நிலை முனகியது. இரும்புத் தாளிப்புக் கரண்டியில் எண்ணெயை ஊற்றி அவள் சுடரின் மேல் பிடித்தாள். கை ஆடவில்லை. கடுகைக் கொடுங்கள் என்றாள். டப்பாவைத் திறக்க எனக்கு மூன்று தடவை ஆயிற்று. எண்ணெய் சூடாவது இவ்வளவு மெதுவாக நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உலகத்தில் எத்தனையோ பெண்கள் தினமும் அதற்காகக் காத்து நிற்கிறார்கள் என்பதுகூட அப்போதுதான் உறைத்தது. ஒரு கடுகு துள்ளியது. இன்னொன்று. பிறகு படபடவென்று எல்லாமும். கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டாள். புகை கூரைக்குப் போனது.

சுவர் நின்றது.

ஏகாம்பரம் கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“அடுப்பு கண்டறியப்பட்டது,” என்றது குரல். “குடியிருப்போர்: ஒருவர். அலகு மறு அளவீடு செய்யப்படுகிறது. நன்றி.”

சுவர் மறுபடி நகர்ந்தது.

“நின்னுதே, மறுபடி ஏன் வருது?” என்று அலறினார் ஏகாம்பரம்.

“ஒரு ஆளுக்குப் பதினாலு சதுர மீட்டர்தான். மீதி குறைபயன்பாடு.” பதினான்கு எப்படி வந்தது தெரியுமா? ஒரு ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டபோது தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இரண்டு கையையும் விரித்து, ‘இவ்வளவு போதாதா?’ என்றார். நான் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டேன்.

“பதினாலுன்னா எது எது மிஞ்சும்?” என்றாள் வசுமதி.

“படுக்கையறை மட்டும்.”

“அடுக்களை?”

“இல்ல.”

“அடுக்களை இல்லாட்டி அடுப்பு எரியாது. அப்புறம் நாலு நாள் கழிச்சு அதுவும் காலி. அப்படித்தானே அண்ணே?”

அந்த ஓட்டையை ஒன்பது மாதமாக நானும், ஆறு நிபுணர்களும், வெளிநாட்டிலிருந்து வந்து இட்லி சாப்பிட்டுப் போன ஒரு ஆலோசகரும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் மறுபடி கரண்டியைச் சுடரில் பிடித்தாள். இந்தமுறை எண்ணெய் இரண்டு மடங்கு. தணிகாசலம் சாப்பிடுகிற காரத்துக்கு மிளகாய் வற்றலைக் கைநிறையக் கிள்ளிப் போட்டாள். மூவரும் இருமினோம். சுவர் மேடையின் ஓரத்தைத் தொட்டது. கிரானைட்டில் ஒரு கீறல் ஓடியது. ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூட மறந்தேன்.

“குடியிருப்போர்: இருவர்,” என்றது குரல்.

சத்தம் நின்றது. அடுக்களைச் சுவரில் அறிவிப்புப் பலகை ஒளிர்ந்தது. ‘தணிகாசலம். வசுமதி. சரி எனில் தொடவும்.’

வசுமதி விரலை நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அண்ணே, இது பொய்யில்லையா?”

தவறான உறுதிமொழிக்கு என்ன தண்டனை என்று எழுதியதும் நான்தான். “வரையறைப்படி பொய் இல்லம்மா,” என்றேன். என் அலுவலக வாழ்க்கையில் யாருக்காவது பயன்பட்ட ஒரே வாக்கியம் அது.

தொட்டாள். நடைவழிப் பக்கத்து அடுக்களைக் கதவு திறந்தது. ரெஜினா கையில் சோற்றுக் கரண்டியோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “உங்க இடம் எனக்கு வேண்டாம் அக்கா, சத்தியமா நான் கேக்கல அக்கா,” என்று அழுதாள். வசுமதிதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. போன ஹால் திரும்பவில்லை. திரும்பப் பெற மனு போட வேண்டும். வசிப்பவர் இருவரும் நேரில் வர வேண்டும்.

அடுத்த வாரக் கூட்டத்தில், துக்க வீட்டுக்கு விலக்கு வேண்டும் என்று திருத்தம் கொண்டுபோனேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்ல யோசனை நாகலிங்கம். துக்கம் என்றால் என்ன?” என்றார். எத்தனை நாள்? யாருக்கு மூன்று, யாருக்கு எட்டு, யாருக்குப் பதினாறு? சான்று யார் தருவார்? துக்கம் இல்லாமலே துக்கம் கொண்டாடுகிறவர்களை எப்படிப் பிடிப்பது? துணைக்குழு அமைத்தார்கள். ஆறு மாதம். நாற்பத்தொன்றைப் பற்றியும் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு, வசிப்பவர் இல்லாத அலகுகள் குறித்த புகாரை யார் சார்பில் பதிவது என்று கேட்டு ஒரு குறிப்பு வந்தது. இன்னும் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது?

இரண்டு பேர் சமையலை ஒருத்தி சாப்பிட முடியாது. கொட்டினால் குப்பைத் தொட்டியிலும் ஒரு கருவி இருக்கிறது. அதனால் தினமும் மத்தியானம் நான் போகிறேன். எனக்கு வயிற்றுப்புண். முதல் நாள் எனக்காகக் காரத்தைக் குறைத்தாள். பலகை, ‘ஒருவர், விருந்தினர் ஒருவர்’ என்றது. எழுந்து ஓடி மிளகாய்ப் பொடியை அள்ளிப் போட்டாள். அன்றிலிருந்து தணிகாசலம் சாப்பிட்ட மாதிரியே சாப்பிடுகிறேன்.

“பதினொண்ணாவது மாடியில ஒரு பெரியவர் அஞ்சு பேருக்குச் சமைக்கிறாராம் அக்கா. வீட்டுல அவர் மட்டும்தான்,” என்று ஒருநாள் ரெஜினா வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள். “இருபத்தி ரெண்டுலயும் ஒரு வீடு இருக்காம்.” அவளும் இப்போது அக்காவுக்கு எதுவும் கொண்டுவந்து தருவதில்லை. வெறும் கையோடு வந்து நிற்பாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவள் கைகளைப் பார்த்தால் தெரியும். எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கும்.

இந்த ஆண்டு நெய்தல் அடுக்ககத்தில் ஒரு மரணம்கூடப் பதிவாகவில்லை என்று திங்கட்கிழமை காலை தலைவர் அறிவித்தார். எங்கள் திட்டம் ஆயுளையே நீட்டிவிட்டதாம். விருதுக்கு மனு எழுதும் வேலை எனக்கு. அன்று மத்தியானமே, நாலாயிரம் வீட்டில் ஒருத்தர்கூடவா சாகவில்லை என்று தணிக்கைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார். தலைவர் மாலைக்குள் முடிவெடுத்தார்: மோப்பம் மட்டும் போதாது, குரலும் கேட்க வேண்டும். ‘வசிப்பவர்: உண்பவரும் உரையாடுபவரும்’ என்று புது விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நேற்றிரவு எல்லா வீடுகளிலும் காது வைத்துவிட்டார்கள். அது எதைக் கேட்கும், பழைய குரல் பதிவு எதையாவது வைத்திருக்கிறதா என்று ஜெயசீலனைக் கேட்டேன். அது ரகசியம் சார் என்றான்.

இன்று நான் போனபோது வசுமதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். உதட்டில் விரல் வைத்தாள். தட்டில் சோறு போட்டாள். சாப்பிட உட்கார்ந்தேன். நகர்ந்து வந்த சுவர் எனக்கு எதிரே இருந்தது. அவள் பலகையைப் பார்த்தாள், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. காத்திருந்தது.

“என்னங்க,” என்றாள் சத்தமாக. “இன்னும் கொஞ்சம் போடவா?”

தணிகாசலத்தின் பக்கத்து மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூக்கால் பேசுவார். நான் தொண்டையைச் செருமினேன்.

“போதும் வசு,” என்றேன். “நீ சாப்பிடு.”